மணி பிளான்ட் பாட்டில்களும் அப்பத்தாவின் டெங்குவும்

மணி பிளான்ட் வளர்ப்பது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கொடியில் ஒரு துண்டை வெட்டு, பாட்டிலில் தண்ணீர் ஊற்று, போட்டுவிட்டு மறந்துவிடு. செடியைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அதை நீங்கள் மறந்தாலும் அது பாட்டுக்கு வளரும். ஆனால் அந்த பாட்டிலில் நிற்கிற தண்ணீரை மறந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போன வருடம் ஆவணியில் தொடங்கி கார்த்திகை வரைக்கும் அதைத் தனியாக அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். செத்த மீன்களையும் அலங்காரச் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்தால் ஏறக்குறைய 83,000 ரூபாய் போயிற்று. பணத்தை விடுங்கள், எண்பது தாண்டிய என் அப்பத்தாவை இழக்கப் பார்த்தேன். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு, நடு முற்றமுள்ள வளவு, அதற்குப் பின்னே இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். அதில் குடியிருப்பது அப்பத்தாவும் நானும் மட்டும். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால் சென்னையை விட்டு இங்கே வந்துவிட்டேன். ஓட்டுக் கூரையைப் பராமரிக்கவே பணம் போதவில்லை, முகப்பு அறைகளை வெளியூர்க்காரர்கள் தங்க வாடகைக்கு விடலாம் என்று அப்பாவும் சிங்கப்பூர் சித்தப்பாவும் போனிலேயே முடிவு செய்தார்கள். அலங்காரத்துக்கு ஒருவரையும் அவர்களே அமர்த்தினார்கள். அவர் வந்து முகப்பிலும் வளவைச் சுற்றியும் கயிறு கட்டிக் கண்ணாடி பாட்டில்களைத் தொங்கவிட்டார். பரணிலிருந்த பீங்கான் ஜாடி, எனாமல் வாளி, பித்தளை அண்டா என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றிலும் தண்ணீர், எல்லாவற்றிலும் மணி பிளான்ட். வளவை ஒட்டிய பட்டாலைத் திண்ணை ஓரத்தில் இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி, உள்ளே ஆறு தங்கமீன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "மேடம், இதுக்கு நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். தண்ணி குறைஞ்சா மேலாக்க ஊத்துங்க, போதும்" என்றார். எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய்.

முதலில் போனது மீன்கள். தொட்டிக்குள் அவர் மணி பிளான்ட்டை இலையோடு முழுசாக முக்கி, கூழாங்கல்லில் ஊன்றியிருந்தார். தண்ணீருக்குள் பச்சையும் மஞ்சளுமாக இலைகள், நடுவே ஆரஞ்சு மீன், போட்டோவுக்கு அருமை. பத்து நாள் போனதும் இலை ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, அப்புறம் பழுப்பாகி, தொட்டால் வழவழவென்று கையோடு வந்தது. தண்ணீர் கலங்கியது. ஒரு நாள் காலையில் அப்பத்தாதான் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார், "என்னத்தா இது, மீனெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு மேலயே நிக்குது?" அலங்காரக்காரருக்கு போன் போட்டேன். தண்ணீரை மொத்தமாக மாற்றச் சொன்னார், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் நன்றாகக் கழுவச் சொன்னார். அப்படியே செய்தேன். அடுத்த இரண்டு நாளில் ஆறும் போய்ச் சேர்ந்தன.

ஏன் செத்தன என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். புதிதாக மீன் தொட்டி வாங்குகிற எல்லாருக்கும் இது தெரிய வேண்டும். மீனின் கழிவிலிருந்தும், மிச்சமான தீனியிலிருந்தும், அழுகுகிற இலையிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனின் செவுளை அரிக்கிற விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் ஓரளவு வரைக்கும் பரவாயில்லை. எங்கள் தொட்டியில் முதல் நாளே ஆறு தங்கமீன், அதுவும் 55 லிட்டர்கூட வராத தண்ணீரில். தங்கமீன் சின்னதாக இருந்தாலும் தின்னுவதும் கழிப்பதும் அதிகம். கூடவே ஒரு கட்டு இலை உள்ளேயே அழுகுகிறது. ஸ்பாஞ்சில் கொஞ்ச நஞ்சம் சேர்ந்திருந்த பாக்டீரியாவையும் குளோரின் குழாய்த் தண்ணீர் கொன்றிருக்கும். மீன் மேலே வந்து வாய் திறந்து நின்றால் தண்ணீரில் கால் பங்கை மட்டும் எடுத்துவிட்டு, ஆன்டி குளோரின் சொட்டு கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். நிலைமை சரியாகவில்லை என்றால் மறுநாளும் அதையே செய்யுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழியுங்கள். தீனியை ஓரிரு நாள் நிறுத்துங்கள், மீன் பட்டினியில் சாகாது.

இன்னொன்று. மணி பிளான்ட் நீர்த்தாவரம் இல்லை. வேர் தண்ணீரில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கும், இலை காற்றில்தான் இருக்க வேண்டும். மீன் கடைகளில் இதையும், லக்கி பேம்பூ என்று சொல்கிற செடியையும் முழுக்க முக்கி வைத்து நீர்த்தாவரம் மாதிரி விற்பதைப் பார்க்கலாம். கடையில் இருக்கிற சில நாள் பச்சையாகத்தான் இருக்கும், நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகும்.

பித்தளை அண்டாவில் வைத்த கொடிகளும் சரிப்படவில்லை. வேர் நுனி கருத்து, வளராமல் நின்றுவிட்டது. பித்தளையில் செம்பு இருக்கிறது, நாள்பட்ட தண்ணீரில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வேருக்கு ஆகாது. அந்தத் தண்ணீரை மீன் தொட்டியில் ஊற்றிவிடவே கூடாது, மீனுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். பித்தளைப் பாத்திரம் வேண்டுமானால் உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அதில் செடியை வையுங்கள்.

மீன் செத்ததைச் சொன்னதும் அலங்காரக்காரர், "தண்ணியைக் கொட்டாதீங்க, அப்படியே கிடக்கட்டும், தண்ணி பழகட்டும், அடுத்த வாரம் வேற மீன் கொண்டாறேன்" என்றார். மோட்டாரையும் நிறுத்தச் சொன்னார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் போனும் எடுக்கவில்லை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வளவில் மழைத் தண்ணீர் இறங்குவதைப் பார்க்கவே விருந்தினர் வருவார்கள் என்று மூன்று பதிவுகள் வந்திருந்தன. நான் விரிப்பு வாங்குவதும், சமையலுக்கு ஆள் பார்ப்பதுமாக இருந்தேன். தொட்டி மூலையில் கிடந்தது. பாட்டில்களில் வேலைக்கு வரும் அக்கா குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வந்தார், சொன்னபடி.

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பத்தாவுக்குக் காய்ச்சல். மழைக்காலம், வயசு, சளியாக இருக்கும் என்று நினைத்தோம். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது என்றார். மருந்துக் கடையில் வலிக்கும் சேர்த்து ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளும் 103 டிகிரி. காரைக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. அந்த வலி மாத்திரையைக் காட்டியதும் டாக்டர் முகம் மாறிவிட்டது. டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்றார். இதை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு வலி மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள், கொடுத்தாலும் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்தோம் என்று பன்மையில் எழுதுகிறேன், இருந்தது நான் ஒருத்திதான். அப்பாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது, சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. போன் மட்டும் ஓயாமல் வந்தது. பிளேட்லெட் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது முதலில் 90,000, அப்புறம் 40,000 என்று இறங்கியது. பப்பாளி இலைச் சாறு கொடு என்று ஒரு பக்கம், நிலவேம்புக் கஷாயம் கொடு என்று ஒரு பக்கம். தண்ணீர் குடித்தாலே வாந்தி எடுக்கிற கிழவிக்கு எதைக் கொடுப்பது? அந்தக் கோபத்தில் ஒருமுறை சித்தப்பாவிடம், "நீங்க வந்து கொடுங்க சித்தப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். நர்ஸ் அக்கா, "இனிமேதான்மா கவனமா இருக்கணும்" என்றார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தானது, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று இரவே அப்பத்தாவுக்கு வயிற்று வலி, கை கால் சில்லிட்டது, ஈறில் லேசாக ரத்தம். சலைன் அளவை மணிக்கு மணி மாற்றினார்கள். விடிய விடிய அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பயத்தில் எனக்கும் வயிறு பிசைந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: காய்ச்சல் விட்ட பிறகு கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பிளேட்லெட் எண்ணைவிட இவைதான் முக்கியம் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பத்தாவுக்கு பிளேட்லெட் ஏற்றவே இல்லை, தானாக ஏறியது. பில் 48,000 ரூபாய் வந்தது. விருந்தினர் முன்பணம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன்.

டெங்கு என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனதும் கொசுப்புழு பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்தார்கள், நம் ஊரில் மஸ்தூர் என்போமே அவர்கள். நான் துணி எடுக்க வந்திருந்த நேரம். அவர்களில் ஒரு அம்மா தண்ணீர்த் தொட்டி, ஆட்டுக்கல், கொல்லை என்று எங்கும் போகவில்லை. முகப்பில் காலடி வைத்ததுமே பாட்டில்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "டார்ச்சைப் பிடிம்மா" என்று சொல்லி ஒரு பாட்டிலை லேசாகத் தட்டினார். வேருக்கு நடுவிலிருந்து மயிர் மாதிரி பத்துப் பதினைந்து புழுக்கள் நெளிந்துகொண்டு கீழே இறங்கின. மீன் இல்லாத அந்தத் தொட்டியில் எண்ணவே முடியவில்லை. எந்தக் கொசு அப்பத்தாவைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாதுதான், தெருவிலும் இரண்டு வீட்டில் காய்ச்சல் இருந்தது. ஆனாலும் அப்பத்தா பகலெல்லாம் உட்காரும் இடம் அந்தப் பட்டாலைதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பதும் பகலில்தான், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகமாக. ராத்திரி கொசுவலை கட்டிப் படுத்து என்ன பயன்.

அந்த அம்மா சொல்லிக் கொடுத்ததுதான் இந்தப் பதிவிலேயே மிக உபயோகமான விஷயம். ஏடிஸ் சாக்கடையைத் தேடிப் போகாது, வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உட்சுவரில் ஒட்டும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். நாம் தண்ணீர் மேலாக்க ஊற்றும்போது மட்டம் ஏறி முட்டை நனையும், பொரியும். ஆக, குறைந்த அளவுக்கு ஊற்றுங்கள் என்ற அந்த யோசனை கொசுவுக்குச் செய்த உபகாரம். முட்டை பொரிந்து கொசுவாக நம் ஊர்ச் சூட்டில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் தண்ணீரை முழுக்கக் கொட்ட வேண்டும், பாட்டில் உட்புறத்தை பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், வேரையும் ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். வெறுமனே தண்ணீர் மாற்றுவது போதாது. கொட்டுகிற தண்ணீரை மண்ணில் கொட்டுங்கள், சாக்கடையில் வேண்டாம். பிரஷ் நுழையாத குறுகிய கழுத்து பாட்டில்கள் எத்தனை அழகாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய பொருள் கடையில் வாங்கிய ஒரு நீலச் சீசாவைக்கூட இப்போது காலியாகத்தான் வைத்திருக்கிறேன். வாயைப் பஞ்சாலோ வலைத்துணியாலோ கொடியைச் சுற்றி இறுக அடைத்தால் கொசு உள்ளே போகாது, ஆனால் வாரக் கழுவலை அதற்காக விடக்கூடாது.

அப்பத்தா வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் பிடுங்கி எறியத்தான் நினைத்தேன். அவர்தான் தடுத்தார். "செடி என்னத்தா பண்ணுச்சு?" என்றார். சரி என்று பெரும்பாலானவற்றை மண் தொட்டிக்கு மாற்றினேன். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர், கீழே தட்டில் தேங்கவிடுவதில்லை. தண்ணீரில் நாள்பட்டு வளர்ந்த வேர் மண்ணுக்குப் போனால் சில வாரம் வாடும், இரண்டு இலை உதிரும், பயப்பட வேண்டாம். முதல் இரண்டு வாரம் மண்ணைக் கொஞ்சம் ஈரமாக வைத்தால் தேறிவிடும். புதிதாக வெட்டுகிறவர்கள் இலைக்காம்பு கொடியில் சேரும் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அங்கே பழுப்பாக ஒரு முளை தெரியும், வேர் அதிலிருந்துதான் வரும். கணு இல்லாத வெறும் இலை வேர் விட்டாலும் கொடியாகாது.

மீன் தொட்டியைத் திரும்பத் தொடங்கினேன், இந்த முறை சரியாக. முதலில் மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டுத் துளி தீனி போட்டு, பரிசோதனைச் சொட்டு மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை காத்திருந்தேன். அந்த வாரங்களில் தொட்டியின் வாயில் வலைத்துணி கட்டியிருந்தேன். பிறகு தங்கமீனுக்குப் பதில் கப்பி என்கிற சின்ன மீன். கப்பி கொசுப்புழுவை விடாமல் தின்னும், அதனால் மீன் உள்ள தொட்டியில் வேர் தொங்குவது பாட்டிலைவிடப் பாதுகாப்பு. மணி பிளான்ட்டை வெளியே பாட்டிலில் விரல் நீளம் வேர் விடவைத்து, தொட்டி விளிம்பில் ஒரு கிளிப்பில் மாட்டி, வேரை மட்டும் உள்ளே விட்டேன். இலையும் தண்டும் மேலே. இது நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும், பாசியும் குறையும். உரம் எதுவும் போட வேண்டாம், மீன் கழிவே உரம். ஆனால் செடி இருக்கிறதே என்று தண்ணீர் மாற்றாமல் இருக்க முடியாது, வாரம் கால் பங்கு கட்டாயம். வேர் காடாக வளர்ந்து ஃபில்டர் வாயை அடைக்கும், அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். அழுகிய வேரையும் மஞ்சள் இலையையும் அன்றே எடுத்துவிட வேண்டும். தங்கமீன்தான் வேண்டும் என்பவர்கள் பெரிய தொட்டி வாங்குங்கள், அவை வேரைக் கொறிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கொடியைச் சுவரில் ஏறவிடாதீர்கள். அதன் வேர் சுண்ணாம்புப் பூச்சில் கவ்விக்கொள்ளும், பிய்த்தால் பூச்சும் கூட வரும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தப் பழைய பூச்சுக்கு இன்றைக்கு ஆள் பிடித்து வேலை வாங்குவது எத்தனை செலவு என்று உங்களுக்கே தெரியும். தேக்குத் தூணிலும் வேண்டாம், கயிற்றிலோ தென்னைநார் சுற்றிய கம்பிலோ ஏற்றுங்கள். ஏறினால் இலை பெரிதாகும், தொங்கினால் சிறுத்துக்கொண்டே போகும், அது அதன் இயல்பு. உள்ளறை இருட்டில் வைத்தால் மஞ்சள் வரிகள் மங்கிப் பச்சையாகிவிடும், முற்றத்து நேர் வெயிலில் வைத்தால் இலை கருகும். வளவின் ஓரத்துத் தாழ்வாரம்தான் சரியான இடம்.

தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் இருக்கிறது, மென்றால் வாயும் நாக்கும் எரியும், வீங்கும். வாயைத் துடைத்துக் கழுவிக் குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுக்கலாம், வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் டாக்டரிடம் போக வேண்டும். காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்வார்கள். 1989-ல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது, கதவு ஜன்னல் திறந்த வீட்டில் நாலு செடியால் பெரிய மாற்றம் எதுவும் நடக்காது. திருடி நட்டால்தான் பணம் சேரும் என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, எங்களுடையது பில் போட்டு வாங்கியது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், கல்யாணத்துக்கும் முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்கும் வந்து நாலு நாள் தங்கி, அழகுக்குச் சீசாவில் கொடி வைத்துவிட்டுப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முன் தண்ணீரைக் கொட்டி, உள்ளே தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள். செடியை மண் தொட்டிக்கு மாற்றி, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். வெட்டிய மிச்சக் கொடியை ஊருணிக் கரையில் எறியாதீர்கள், ஈரம் கிடைத்தால் கிடந்த இடத்திலேயே வேர் பிடித்துவிடும். இலங்கையில் காட்டுக்குள் பரவித் தொல்லை கொடுக்கிற செடி இது. கொடியைச் சிறு துண்டாக்கி வெயிலில் சருகாகக் காய வைத்த பிறகு குப்பைக்குப் போடுங்கள்.